வயிறு நிறைந்த மீன்கள்

அத்தியாயம் 9

போன வாரம் ரூபியேலா சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும் ஒரு வார்த்தை கொடுத்திருந்தாள். அரசாங்க மானியம் கிடைத்தால் தண்ணீரில் மிதக்கும் மீன் கூண்டுகள் கையில் இருக்கும். கிடைக்காவிட்டால், கொழுந்தன் ஆர்னோபியோ கூட்டி வந்த கம்பெனிக்கு விற்றுவிடலாம்.

இன்று திங்கட்கிழமை, ஆய்வு நாள். முடிவு தெரிந்துவிடும்.

காலையில் கணவன் ஓல்மேதோ போன் செய்தான். காப்பிப் பழம் பறிக்கத் தெற்கே போனவன் இன்னும் திரும்பவில்லை.

"என்ன முடிவானாலும் எனக்குச் சம்மதம்" என்றான்.

"உங்க சம்மதத்தை யாரு கேட்டா? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப வையுங்க. வேலை இருக்கு."

தீவன விலை இந்த ஆண்டு மூன்று முறை ஏறியது. மீன் விலை ஏறவில்லை. பெத்தானியா நீர்த்தேக்கத்தில் சிவப்பு ஜிலேபி மீன் வளர்த்தவர்களில் பலர் மீன் வளரும் முன்பே விற்றுவிட்டு, மரவள்ளி நடப் போய்விட்டார்கள். ஆர்னோபியோ போன மாதம் தன் கூண்டுகளைக் காலி செய்தான். ரூபியேலா செய்யவில்லை. பாதித் தீவனம் போட்டு மீனை உயிரோடு வைத்திருந்தாள்.

மானியத்துக்கு நிபந்தனை ஒன்றுதான். ஆய்வுக்கு வரும் நாளில் தண்ணீரில் மீன் இருக்க வேண்டும். இருந்தால் தீவன விலையில் பாதியை அரசாங்கம் ஏற்கும்.

மீன் இருந்தது. அதனால் அவள் பயப்படவில்லை.

*

இன்ஜினியர் பெர்தோமோ நெய்வா நகரத்திலிருந்து வந்திருந்தார். இளைஞர். படகில் உட்கார்ந்ததும் லைஃப் ஜாக்கெட்டை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"நீச்சல் தெரியுமா, இன்ஜினியர்?"

"நீச்சல் குளத்துல தெரியும்."

"இதுவும் குளந்தான். கொஞ்சம் பெருசு."

அவள் மோட்டாரைக் கிளப்பினாள். கரை பின்னால் போனது.

"முன்னாடியே சொல்லிடறேன், அம்மா" என்றார். "போன வாரம் ஒரு பண்ணையில என்னை ஏமாத்தப் பார்த்தாங்க. முதல் கூண்டுல மீனைக் காட்டினாங்க. காப்பி கொடுத்து உட்கார வச்சாங்க. நான் குடிச்சு முடிக்கிறதுக்குள்ள அதே மீனை அடுத்த கூண்டுக்கு மாத்திட்டாங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு மீனுக்குப் பாதி வால் இல்லை. ரெண்டு கூண்டுலயும் அதுவே வந்து என்னைப் பார்த்தது."

ரூபியேலா சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"அதனால என் கண்ணால பார்க்காம நான் எதையும் எழுதறதில்லை."

"பாருங்க. நல்லாப் பாருங்க. அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன்."

அந்தத் தண்ணீரில் யாரும் மீனை எண்ணுவதில்லை. தண்ணீர் பச்சை. ஒரு முழத்துக்குக் கீழே கண் போகாது. ஒரு டப்பா தீவனத்தை வீசுவார்கள். மீன் மேலே வந்து அடித்துக்கொள்ளும். தண்ணீர் கொதிப்பதைப் பார்த்து வியாபாரி விலை சொல்வான். அதிகாரியும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்.

வாரக்கணக்கில் பாதி வயிறாகக் கிடக்கும் மீன்கள். இன்று ஒரு கைப்பிடி விழுந்தால் போதும் என்று அவள் நினைத்திருந்தாள்.

*

மகன் யெசித் கூண்டுகளை இணைத்த மிதவையின் விளிம்பில் நின்றிருந்தான். இரவு அங்கேயே காவல் படுத்திருந்தவன். தலை வாரியிருந்தான். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு.

ரூபியேலா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். நான்கு கூண்டுகளிலும் தீவனம் மிதந்தது. ஊறி, உப்பி, வெயிலில் அசையாமல் கிடந்தது.

"இன்ஜினியர், நிழல்ல உட்காருங்க. இதோ வரேன்."

மகனைச் சட்டைக்கையைப் பிடித்து மிதவைக் குடிசைக்குள் இழுத்தாள். மூலையில் காலி மூட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. எல்லா மூட்டைகளும்.

"என்னடா செஞ்ச?"

"வயிறாரப் போட்டேம்மா. விடியறதுக்கு முன்னாடி."

"எதுக்கு?"

"எல்லாம் தலை பெருத்து உடம்பு சிறுத்துக் கிடக்குதுங்கம்மா. இப்படியா ஒரு ஆளுக்குக் காட்டுறது? இன்ஜினியர் பார்த்தா என்ன நினைப்பாரு? வரப்போற அன்னைக்காவது நல்லாத் தெரியட்டுமேன்னு..."

"அது என்ன, பொண்ணு பார்க்க வராங்களா? வயிறு நிறைஞ்சா எங்கடா வரும் மேல? இந்த வெயில்ல?"

யெசித்தின் சிரிப்பு போய்விட்டது. அவன் கூண்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவன். அவனுக்குத் தெரியாதது இல்லை. பசித்த மீனை விருந்தாளிக்குக் காட்ட வெட்கப்பட்டான். அவ்வளவுதான்.

"சாயங்காலம் வரும்மா. வெயில் தாழ்ந்தா மறுபடியும் பசிக்கும்."

"சாயங்காலம் வரைக்கும் அவரு இங்க என்ன செய்வாரு? நீ டான்ஸ் ஆடுவியா?"

வெளியே இன்ஜினியர் முதல் கூண்டின் மேல் குனிந்து நின்றார். அடுத்ததற்குப் போனார். நாலாவதுவரை போய்த் திரும்பி வந்தார்.

"அம்மா, தீவனம் மிதக்குது. திங்கத்தான் ஆளில்லை."

"தின்னு முடிச்சாச்சு, இன்ஜினியர். என் மகன் காலையிலேயே போட்டுட்டான்."

"ஆய்வு அன்னைக்கா?"

"ஆமா."

"வேற எந்த அன்னைக்கும் இவ்வளவு போட மாட்டீங்க. இன்னைக்கு மட்டும் போட்டீங்க."

"ஆமா."

"இதை நான் நம்பணும்."

"நம்ப வேண்டாம். காத்திருங்க."

அவர் பேனாவை எடுத்தார். "வலையைத் தூக்குங்க. அடியில இருந்தா தெரியும்."

"தூக்க முடியாது."

"முடியாதா, தூக்க மாட்டீங்களா?"

"மாட்டேன். ஒரு நாள் பட்டினி போட்டுத்தான் வலையைத் தூக்குவோம். வயிறு நிறைஞ்ச மீனைத் தூக்கினா தின்னதைக் கக்கும். மூச்சு முட்டும். இந்த வெயில்ல பாதிக்கு மேல செத்துப் போகும். செத்த மீனுக்கு மானியம் உண்டா?"

"இல்லை."

"அப்ப எதுக்குத் தூக்கச் சொல்றீங்க?"

யெசித் குறுக்கே வந்தான். "வீச்சு வலை போடட்டுமா, இன்ஜினியர்? நாலஞ்சு மாட்டும்."

"நாலஞ்சு மீனை எங்கேயிருந்தும் கொண்டு வரலாம், தம்பி. உங்க அம்மாகிட்ட சொன்னேனே, பாதி வால்." அவர் பேனா மூடியைக் கழற்றினார். "நான் பார்த்ததை எழுதிடறேன். உங்களுக்கு ஆட்சேபணை இருந்தா அலுவலகத்துக்கு எழுதுங்க. முப்பது நாள்ல பதில் வரும்."

மானியம் இல்லாவிட்டால் சனிக்கிழமையே கம்பெனி ஆட்கள் கூண்டுகளை இழுத்துப்போக வருவார்கள். ஆர்னோபியோ நாளையும் குறித்து வைத்திருந்தான்.

ரூபியேலா மகன் பக்கம் திரும்பினாள். எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"யெசித், படகை எடு. உன் சித்தப்பாகிட்ட போ. மீனைக் காலி பண்ணினவருகிட்ட தீவனம் மிச்சம் இருக்கும். ஒரு மூட்டை கேளு. நான் கேட்டேன்னு சொல்லு."

"சித்தப்பாகிட்டயா?"

"அவருகிட்டத்தான்."

அவன் படகில் இறங்கினான். அவள் குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். அப்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

"அவசரப்படாதே. பெட்ரோலை மிச்சம் பிடி."

படகு போனது. இன்ஜினியர் அதைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். தண்ணீர்தான் இருந்தது.

"நான் எப்படிப் போறது?"

"படகு வந்ததும் போங்க."

"எப்ப வரும்?"

"அவன் சித்தப்பாவைப் பொறுத்து. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."

"அரசாங்க ஊழியரைப் பிடிச்சு வைக்கிறது குற்றம், அம்மா."

"யாரு பிடிச்சு வச்சா? நாற்காலி கொடுத்திருக்கேன்."

"அலுவலகத்துக்குப் பேசறேன்."

"பேசுங்க. மீன் இருக்கான்னு கேட்டா, இன்னும் பார்க்கலைன்னு சொல்லுங்க. அதுதானே உண்மை?"

அவர் போனைக் காதில் வைத்தார். அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார். பிறகு, "இங்கே கொஞ்சம் தாமதமாகும்" என்றார். வைத்துவிட்டார்.

*

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். மரவள்ளிக் கிழங்கை அவித்தாள். முட்டை பொரித்தாள். வெல்லத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள்.

இன்ஜினியர் தட்டை வாங்கிப் பார்த்தார்.

"மீன் பண்ணையில மீன் கிடையாதா?"

"காலிக் கூண்டுன்னு எழுதப் போறவருக்கு மீன் எங்கேருந்து வரும்? சாப்பிடுங்க. முட்டை கோழி போட்டது. கோழி இருக்கான்னு பார்க்கணும்னா கரையில இருக்கு."

முதன்முறையாக அவர் உதடு கொஞ்சம் அசைந்தது. பசி அவருக்கு. தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார். இன்னொரு துண்டு கிழங்கு கேட்டார்.

"ஏன் வித்துடக் கூடாது?" என்றார். "விலை ஏறிக்கிட்டேதான் போகும். மானியம் இந்த வருஷத்துக்குத்தான்."

"அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கறேன்."

"பெரிய கம்பெனி சொந்தமா தீவனம் செய்யுது. அவங்களோட போட்டி போட முடியாது."

"நான் போட்டி போடலை, இன்ஜினியர். நான் மீன் வளர்க்கறேன். வித்துட்டா அதே கூண்டுல சம்பளத்துக்கு மீனுக்குப் போடச் சொல்வாங்க. என் மகன் அவங்க தொப்பி போட்டுக்கிட்டு நிப்பான். என் கொழுந்தனார் அதை உத்தியோகம்னு சொல்றாரு."

"உத்தியோகந்தானே?"

"இருக்கட்டும். வேணும்கிறவங்க போகட்டும். எனக்கு வேண்டாம்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்தார். அவள் பாத்திரம் கழுவினாள். கூண்டுகளின் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் மனசு அடித்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

நிழல் நீண்டது. காற்று திரும்பியது. மிதந்த தீவனம் கரைந்து அடியில் இறங்கியது.

*

படகு வந்தபோது வெயில் மலைப்பக்கம் சாய்ந்துவிட்டது. மூட்டையின் மேல் ஆர்னோபியோ உட்கார்ந்திருந்தான். கால் மேல் கால்.

"அண்ணி, சௌக்கியமா?"

"மூட்டையைத்தான் கேட்டேன். உங்களைக் கேட்கலையே, கொழுந்தனாரே."

"தீவனம் என்னுது. எங்க விழுதுன்னு நான் பார்க்க வேண்டாமா?" அவன் மிதவையில் ஏறினான். "அதோட நீங்க தோத்துப் போறதையும் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன். வீட்டுல டி.வி. ரிப்பேர்."

"உட்காருங்க. டிக்கெட் கிடையாது."

அவன் மிதவையிலும் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான்.

"இன்ஜினியர், இவங்க பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது. எங்க அண்ணன் எதுக்கு இந்த வயசுல காப்பி பறிக்கப் போனாருன்னு நினைக்கறீங்க?"

"உங்க பேச்சுக்குப் பயந்து" என்றாள் ரூபியேலா.

இன்ஜினியர் எழுந்தார். படகைப் பார்த்தார். ரூபியேலாவும் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"படகு வந்துடுச்சு. போகணும்னா போங்க. என் மகன் கொண்டு போய் விடுவான். நான் தடுக்கலை."

அவர் சற்று நின்றார். காலணி வாரைக் கட்டினார்.

"இவ்வளவு நேரம் உட்கார்ந்தாச்சு" என்றார். "போடுங்க. பார்த்துடலாம்."

அவள் மூட்டையின் வாயைக் கத்தியால் கீறினாள். டப்பாவில் அள்ளினாள். முதல் கூண்டின் மேல் நின்று ஒரு முறை வீசினாள்.

தீவனம் விழுந்தது. வட்டங்கள் விரிந்தன. அடங்கின.

ஆர்னோபியோ தொண்டையைக் கனைத்தான்.

ஒரு மீன் வந்தது. சிவந்த முதுகு ஒன்று தெரிந்து மறைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு தண்ணீரே தெரியவில்லை. கூண்டு முழுவதும் கொதித்தது. வாலும் வாயுமாக அடித்துக்கொண்டதில் இன்ஜினியரின் கண்ணாடி நனைந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை.

"யேசுவே" என்றார்.

"வாலைப் பாருங்க, இன்ஜினியர்" என்றாள் அவள். "எல்லாத்துக்கும் முழு வால்."

இரண்டாவது கூண்டு கொதித்தது. மூன்றாவது அதைவிட வேகமாகக் கொதித்தது. யெசித் கையைத் தட்டினான். அப்புறம் சித்தப்பாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ரூபியேலா நாலாவது கூண்டுக்குப் போனாள். வீசினாள்.

வட்டங்கள் விரிந்தன. அடங்கின.

அவள் இன்னொரு டப்பா வீசினாள். தீவனம் மிதந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"வயிறு இன்னும் நிறைஞ்சிருக்கும்" என்றான் யெசித். அவனே நம்பவில்லை. "விடியக் காலையில இருட்டா இருந்தது. கண்ணு தெரியாமத்தான் போட்டேன்."

"இறங்கு" என்றாள் அவள்.

அவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றாமலே குதித்தான். வெகுநேரம் மேலே வரவில்லை. வந்தபோது கூண்டுக்கு வெளியே வந்தான். உள்ளே குதித்தவன்.

"அம்மா, அடி வலை அறுந்திருக்கு."

"பழசா?"

"இல்லை. நேரா, ஒரே கோடா. கத்தி. நான் அது வழியாத்தான் வெளியே வந்தேன்."

நேற்று, ஞாயிற்றுக்கிழமை காலையில், நான்கு கூண்டிலும் மீன் தின்றது. ரூபியேலாவே போட்டாள். பிறகு எல்லோரும் ஊருக்குள் ஞானஸ்நான விருந்துக்குப் போனார்கள். சாயங்காலம் யெசித் காவலுக்கு வந்தான். இடையில் மிதவையில் யாருமில்லை.

அவள் திரும்பினாள். ஆர்னோபியோ கால் மேல் போட்ட காலை எடுத்துவிட்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"அண்ணி..."

"சொல்லுங்க."

"நான் தொடலை. சத்தியமா."

"தொட்டீங்கன்னு நான் சொல்லலையே."

"நேத்து விருந்துக்கு நடுவுல நான் எழுந்து போனேன் இல்லையா? கம்பெனியிலேருந்து ரெண்டு பேர் வந்தாங்க. வாங்கறதுக்கு முன்னாடி கூண்டைப் பார்க்கணும்னாங்க. கூட்டிட்டு வந்து காட்டினேன். ஒருத்தன் தண்ணியில இறங்கினான். வலை எப்படி இருக்குன்னு தொட்டுப் பார்க்கணும்னான்."

"எந்தக் கூண்டுல?"

அவன் தலையைத் திருப்பினான். நாலாவது கூண்டைப் பார்த்தான்.

"இன்னைக்கு ஆய்வுன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நான்தான் சொன்னேன்" என்றான் ஆர்னோபியோ. அவன் குரல் சிறுத்துவிட்டது. "இவ்வளவு செய்வாங்கன்னு... அண்ணி, அது எங்க அண்ணனோட மீன்."

"என் மீன்" என்றாள் ரூபியேலா.

அவள் இன்ஜினியரிடம் போனாள்.

"மூணுன்னு எழுதுங்க."

"மூணு போதும், அம்மா. பண்ணை நடப்புல இருக்குன்னு ஆயிடும். மூணு கூண்டுக்கு மானியம் வரும்." அவர் எழுதினார். எழுதியதை அவளிடம் காட்டினார். அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

"வலை அறுந்ததையும் எழுதுங்க."

"இந்தப் படிவத்துல அதுக்கு இடமில்லை."

"ஓரத்துல எழுதுங்க."

அவர் அவளைப் பார்த்தார். ஓரத்தில் எழுதினார்.

அக்கரையில் கம்பெனியின் கூண்டுகளுக்கு விளக்கு போட்டார்கள். வரிசையாக எரிந்தது. ஆர்னோபியோ போனை எடுத்தான்.

"அவங்ககிட்ட வியாபாரம் இல்லைன்னு சொல்லிடறேன், அண்ணி. இப்பவே."

"போனை வையுங்க. அதை நான் நேர்ல சொல்றேன்."

"நேர்லயா? இன்னைக்கு வேண்டாம். அங்க காவலுக்கு ஆள் வச்சிருப்பாங்க."

"இருக்கட்டும். அவங்களை மாதிரி யாருமில்லாத நேரம் பார்த்துப் போக எனக்குத் தெரியாது." அவள் படகில் இறங்கி மோட்டாரின் பக்கம் உட்கார்ந்தாள். "யெசித், நீ இங்கேயே இரு. மூணு கூண்டையும் சுத்திச் சுத்தி வா. யாரு வந்தாலும் ஏத்தாதே. கொழுந்தனாரே, தண்ணியில இறங்கினவனை அடையாளம் காட்ட வர்றீங்களா, இல்லை வீட்டுக்குப் போய் டி.வி. ரிப்பேர் பண்றீங்களா?"

ஆர்னோபியோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பிறகு படகில் இறங்கினான்.

இன்ஜினியர் கடைசியாக ஏறினார். காகிதங்களைப் பைக்குள் வைத்து மூடினார்.

"என்னை முதல்ல கரையில விட்டுடுவீங்க இல்லையா, அம்மா?"

"விடறேன், இன்ஜினியர். வழியில ஒரு இடத்துல நிறுத்தணும்."

மோட்டார் கிளம்பியது. கரை வலப்பக்கம் இருந்தது. அவள் படகை இடப்பக்கம், கம்பெனி விளக்குகளை நோக்கித் திருப்பினாள்.